பொதுச் சுகாதார அமைப்பும் அதன் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார நிதி குறித்து வகுப்பெடுக்கும்போதும் பொதுக்கூட்டங்களில் பேசும்போதும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை, கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றாமல், இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. பல கேள்விகளுக்கு அடியில் ஒரே எண்ணம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன்: அரசு தன் மருத்துவச் செலவைக் குறைத்தால் அந்தத் தொகை நாட்டுக்கு மிச்சமாகிவிடும் என்பது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்தச் செலவு நோயாளியின் வீட்டுக்கு இடம் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு விடையிலும் எவ்வளவு செலவு என்பதோடு, அதை யார், எப்போது கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க முயன்றிருக்கிறேன்.

1. பொதுச் சுகாதாரம் என்றால் அரசு மருத்துவமனைகள்தானே?

மருத்துவமனை அதன் ஒரு பகுதி. எளிதில் கண்ணில் படும் பகுதி. குடிநீரில் குளோரின் அளவைச் சோதிப்பவர், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் செவிலியர், தடுப்பூசி மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுசேர்க்கும் வண்டி, சந்தைக்கு வந்த மருந்தின் தரத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம், எந்தப் பகுதியில் எந்தக் காய்ச்சல் கூடுகிறது என்று அன்றாடம் கணக்கெடுக்கும் அலுவலகம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பொதுச் சுகாதார அமைப்பு. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, நோய் ஒரு தெருவின் குடிநீர்க் குழாயிலிருந்து பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். அந்த வேலையில் மருந்தும் இல்லை, படுக்கையும் இல்லை. ஆயினும் அது பொதுச் சுகாதாரத்தின் தலையாய பணிகளில் ஒன்று.

பணத்தின் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்கே போவதால், பின்வரும் விடைகளில் அவைதான் அதிகம் வருகின்றன.

2. இலவச சிகிச்சை என்கிறார்களே, அந்தப் பணம் எங்கிருந்துதான் வருகிறது?

மக்களிடமிருந்துதான் வருகிறது. வேறுபடுவது வழி மட்டுமே. முதல் வழி வரி: 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை முன்வைத்த எண்ணத்தைத் தொடர்ந்து 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இரண்டாவது, ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் கட்டாயக் காப்பீட்டுச் சந்தா: 1883இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி தொழிலாளர்களுக்காக இயற்றிய சட்டத்திலிருந்து இது வளர்ந்தது. மூன்றாவது, விருப்பப்பட்டவர்கள் தனியாரிடம் எடுக்கும் காப்பீடு. நான்காவது, சிகிச்சை பெறும் இடத்திலேயே நோயாளி கையிலிருந்து கொடுக்கும் பணம்.

ஏறக்குறைய எல்லா நாடுகளும் இந்த நான்கையும் வெவ்வேறு அளவில் கலந்தே பயன்படுத்துகின்றன. முதல் இரண்டில், உடல் நலமாக இருக்கும் காலத்தில், வருவாய்க்கு ஏற்பப் பணம் கொடுக்கிறோம். கடைசி வழியில், நோய் வந்து வேலைக்குப் போக முடியாத வாரத்தில், நோயின் கடுமைக்கு ஏற்பக் கொடுக்கிறோம். இலவசம் என்ற சொல்லை "சிகிச்சை பெறும் நேரத்தில் கட்டணம் இல்லை" என்று புரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

3. வசதி உள்ளவர்கள் அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொள்ளட்டுமே. எல்லோருக்கும் சேர்த்து ஏன் ஒரே நிதி?

மருத்துவச் செலவு எல்லோருக்கும் சமமாக வருவதில்லை என்பதே காரணம். அமெரிக்காவில் ஓர் ஆண்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி, மக்களில் 5 சதவீதத்தினருக்கே ஆகிறது. அடுத்த ஆண்டு அந்த 5 சதவீதத்தில் யார் இருப்பார் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வீட்டு வாடகையைப் போலத் திட்டமிட்டுச் சேர்த்து வைக்கக்கூடிய செலவாக இது இல்லாததால், பலர் சேர்ந்து ஒரு பொது நிதியில் போட்டு, தேவைப்பட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதே இதற்குப் பொருந்தும் ஏற்பாடு.

அந்த நிதியில் சேர்வது அவரவர் விருப்பம் என்று விட்டால், நோய் வரும் என்று அஞ்சுபவர்கள் சேர்கிறார்கள். நலமாக இருப்பவர்கள் விலகி நிற்கிறார்கள். சந்தா ஏறுகிறது. ஏறியதும் மேலும் சிலர் விலகுகிறார்கள். மருத்துவத்தைச் சாதாரணச் சந்தைப் பொருளாகக் கருத முடியாது என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். எந்தச் சிகிச்சை தேவை என்பதை வாங்குபவரைவிட விற்பவரே அதிகம் அறிந்திருக்கும் சந்தை இது என்பது அவருடைய வாதத்தின் முக்கியக் கூறு. மருத்துவத்துக்காகக் கையிலிருந்து செலவிட்டுப் பண நெருக்கடிக்கு உள்ளாகிறவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பொது நிதி இல்லாத இடத்தில் செலவும் இல்லாமல் போய்விடவில்லை என்பதற்கு இந்த எண்ணே சான்று.

4. ஒவ்வோர் ஆண்டும் செலவு ஏறிக்கொண்டே போகிறதே, முதியவர்கள் பெருகியதுதான் காரணமா?

முதுமை ஒரு காரணம்; ஆனால் பலர் நினைக்கும் அளவுக்குப் பெரிய காரணம் அன்று. ஒருவரின் மருத்துவச் செலவில் கணிசமான பங்கு, எந்த வயதில் இறந்தாலும், வாழ்வின் கடைசி மாதங்களில் குவிகிறது. ஆயுள் நீளும்போது அந்தக் கடைசிச் செலவு பெருகுவதைவிடப் பின்னுக்குத் தள்ளிப் போவதே அதிகம். செலவைக் கூடுதலாக உந்துவது, முன்பு செய்ய முடியாதவற்றை இன்று செய்ய முடிகிறது என்பதுதான். சிறுநீரகம் செயலிழந்தவர் முன்பு சில வாரங்களில் இறந்துவிடுவார். அது செலவில்லாத மரணம். டயாலிசிஸ் வந்த பிறகு அவர் பல ஆண்டுகள் வாழ்கிறார். வாரத்துக்கு மூன்று முறை சிகிச்சை பெறுகிறார். இது வெற்றியின் செலவு. அதை வெறும் சுமையாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நாள்பட்ட நோய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொற்றுநோய்க்கான சிகிச்சை ஒரு வாரத்தில் முடியும்; நீரிழிவுக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்து தேவை. பிரிட்டனின் சேவையைத் திட்டமிட்டவர்கள், சிகிச்சை எல்லோருக்கும் கிடைத்தால் நோய்கள் குறைந்து செலவு ஏறாமல் நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள், 1951இல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க வேண்டியதாயிற்று. அதை ஏற்காமல், அந்தச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவனே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். கண் தெரியாமலும் பல் இல்லாமலும் அதுவரை சமாளித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் கணக்கில் வந்தது.

5. மற்றத் துறைகளில் இயந்திரம் வந்தால் விலை குறைகிறது. மருத்துவத்தில் மட்டும் ஏன் கூடுகிறது?

தொழிற்சாலையில் இயந்திரம் ஆளின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் பெரும்பாலும் ஆளோடு சேர்ந்து நிற்கிறது. ஸ்கேன் கருவி வந்தால் அதை இயக்குபவர், படத்தைப் படித்துச் சொல்பவர், கருவியைப் பராமரிப்பவர் என்று புதிய பணியாளர்கள் தேவைப்படுகிறார்கள். முன்பு படம் எடுக்காமலே அனுப்பப்பட்டவர்களுக்கும் இப்போது படம் எடுக்கப்படுகிறது.

இன்னொரு காரணத்தைப் பொருளியல் அறிஞர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் 1960களில் விளக்கினார்கள். ஒரு புண்ணைக் கழுவிக் கட்டுவதற்கு ஒரு செவிலியருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எவ்வளவு நேரம் ஆனதோ ஏறக்குறைய அவ்வளவு நேரமே இன்றும் ஆகிறது. மற்றத் துறைகளில் உற்பத்தித் திறன் உயர்ந்து ஊதியமும் உயரும்போது, செவிலியரின் ஊதியமும் அதற்கு ஈடாக உயராவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அதே அளவு வேலைக்கு ஆண்டுதோறும் கூடுதல் பணம் தேவைப்படுகிறது. பட்ஜெட்டில் நேற்றைய தொகையையே இன்றும் ஒதுக்கினால், காகிதத்தில் மாற்றம் இல்லை. வார்டில் ஒரு செவிலியர் குறைகிறார்.

6. வரும்முன் காப்பதே மலிவு என்கிறார்கள். எல்லாப் பணத்தையும் அதிலேயே போட்டுவிடலாமே?

சில தடுப்பு நடவடிக்கைகளுக்கு ஈடான முதலீடு உலகில் வேறெதிலும் இல்லை என்று துணிந்து சொல்லலாம். பெரியம்மையை ஒழிக்க 1967இல் முடுக்கிவிடப்பட்ட உலக முயற்சிக்கு ஆன செலவு, எல்லா நாடுகளும் கொடுத்ததைச் சேர்த்தும், சுமார் 30 கோடி டாலர். 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் எந்த நாடும் பெரியம்மைத் தடுப்பூசிக்கோ தனிமை மருத்துவமனைக்கோ எல்லைச் சோதனைக்கோ ஆண்டுதோறும் செலவிட வேண்டியதில்லை. புகையிலை மீதான வரி இன்னும் வியப்பானது: நோயையும் குறைக்கிறது, கருவூலத்துக்கு வருவாயும் தருகிறது.

ஆனால் தடுப்பு என்ற பெயருள்ள எல்லாமே செலவைக் குறைப்பதில்லை. நோய் அறிகுறியே இல்லாத லட்சம் பேரைப் பரிசோதித்துச் சிலரிடம் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் திட்டம், உயிர்களைக் காக்கலாம். ஆனால் பணத்தை மிச்சப்படுத்தாமல் போகலாம். நோய் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும் தவறான முடிவால் பயந்து மேற்சோதனைக்கு வருபவர்களின் செலவும் அதில் சேரும். உயிரைக் காக்கிறது என்பதற்காக அதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். "பணம் மிச்சம்" என்று வாக்குக் கொடுத்துச் செய்யக்கூடாது. மிச்சம் தெரியாத ஆண்டில் திட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமை. இதய அறுவை சிகிச்சையால் பிழைத்தவருக்குப் பெயரும் முகமும் உண்டு. தட்டம்மை வராமல் போன குழந்தைக்குத் தனக்கு அது வரவில்லை என்பதே தெரியாது. பட்ஜெட் குறையும்போது முதல் வெட்டு தடுப்புப் பணியின் மீது விழுவதற்கு இதுவே பெரிய காரணம். தட்டம்மை பரவாமல் தடுக்க 95 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி சென்றிருக்க வேண்டும். அந்த அளவை எட்டுவதற்குத் தேவையான கடைசிச் சில சதவீதத்தினர்தான் தொலைவில் இருப்பவர்கள், அடிக்கடி இடம்பெயர்பவர்கள். அவர்களை எட்டுவதற்கே ஒரு தலைக்கான செலவு அதிகம்.

7. மலிவான சிகிச்சை என்றால் தரம் குறைவாகத்தானே இருக்கும்?

இல்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகாலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அந்தக் கரைசலைப் பெற்றவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த முறை அது. மலிவானது என்பதால் அதை விளம்பரப்படுத்த யாருக்கும் வணிக ஆர்வம் இல்லை. அதை வீடுகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு பொது அமைப்பின் மீதே விழுகிறது.

8. மருந்து தயாரிக்க ஆகும் செலவு சொற்பம் என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு விலை?

காப்புரிமை உள்ள மருந்தின் விலையை உற்பத்திச் செலவு தீர்மானிப்பதில்லை. வாங்குபவர் எவ்வளவு கொடுக்கக்கூடும் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எய்ட்ஸ் நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகளுக்கு 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001இல் சிப்லா நிறுவனம் அவற்றை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் தர முன்வந்தது. வேதிப்பொருள் மாறவில்லை, போட்டி வந்தது. 2013இல் அமெரிக்காவில் அறிமுகமான, கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோபோஸ்புவிர் மாத்திரையின் விலை அப்போது அங்கே ஒன்றுக்கு 1,000 டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். ஜெனரிக் மருந்தாக, அதாவது பிற நிறுவனங்களும் அதே வேதிப்பொருளைக் கொண்டு தயாரிக்கும் மருந்தாக, அது கிடைத்த நாடுகளில் விலை அதன் மிகச் சிறு பங்காக இறங்கியது.

ஆராய்ச்சிக்குச் செலவும் இடரும் உண்டு என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அடிப்படை ஆராய்ச்சியின் பெரும்பகுதி பொதுப் பணத்தில் நடந்தது என்பதும் உண்மை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் தங்கள் காப்புரிமையை டொரோன்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்கு விற்றார்கள். நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த மருந்துக்கு வழியில்லாமல் இறப்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடித்தவரின் நல்லெண்ணம் மட்டும் விலையைக் கட்டுப்படுத்தாது. அரசுகளால் செய்யக்கூடியவை: தேவைகளை ஒன்றுசேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்தல், உலகச் சுகாதார நிறுவனம் 1977 முதல் வெளியிடுவதுபோல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலை வைத்து அதற்குள் வாங்குதல், ஜெனரிக் மருந்தின் தரத்தைச் சோதித்து மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுதல், கொடுத்த விலையை வெளிப்படையாக அறிவித்தல்.

9. அரசு மருத்துவமனையில் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

கட்டணம் என்ற தடுப்பு இல்லாத இடத்தில் நேரமே தடுப்பாகிவிடுகிறது. அதோடு ஒரு கணிதமும் உண்டு. நோயாளிகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சில மணி நேரத்தில் குவிவார்கள், சில மணி நேரம் வரமாட்டார்கள். படுக்கைகள் ஐந்தில் நான்கு நிறைந்திருக்கும்வரை அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஏறக்குறைய எல்லாமே நிறைந்துவிட்ட வார்டில், கூடுதலாக வரும் ஒவ்வொருவரும் வரிசையைப் பல மடங்கு நீட்டுகிறார். ஆகவே "காலிப் படுக்கை வீண்" என்று எண்ணிப் படுக்கைகளைக் குறைக்கும் நிர்வாகம், அறியாமலே வரிசையை உருவாக்குகிறது.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு அது கட்டணமேதான்; எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத கட்டணம். பல இடங்களில் வரிசையின் மூலகாரணம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து இல்லாததால் சாதாரண இருமலுக்கும் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார்கள். வீட்டில் கவனிக்க ஆளில்லாததால் குணமானவரும் படுக்கையை விட்டுப் போக முடியவில்லை.

10. அப்படியானால் இன்னும் சில மருத்துவமனைகளைக் கட்டிவிட வேண்டியதுதானே?

கட்டடம் ஒருமுறைச் செலவு. அதை நடத்துவது என்றென்றைக்குமான செலவு. ஊதியம், மருந்து, மின்சாரம், பராமரிப்பு ஆகியவற்றைச் சில ஆண்டுகளுக்குக் கூட்டினாலே கட்டிய தொகையைத் தாண்டிவிடும். திறப்பு விழாவுக்குத் தொகை கிடைத்து, மூன்றாம் ஆண்டு ஊதியத்துக்குக் கிடைக்காத மருத்துவமனை பூட்டிய அறைகளோடு நிற்கும். கட்டிய படுக்கை நிறைந்தே தீரும் என்று அமெரிக்க ஆய்வாளர் மில்டன் ரோமர் 1960 வாக்கில் கவனித்ததையும் இங்கே சேர்க்க வேண்டும்: செலவை வேறொருவர் ஏற்கும் இடத்தில், படுக்கை இருந்தால் அதில் சேர்க்கப்படுவோரும் இருப்பார்கள். ஆகவே எங்கே கட்டுகிறோம் என்பது எத்தனை கட்டுகிறோம் என்பதைவிட முக்கியம். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். அந்த நிலை இன்னும் பெரிதும் மாறவில்லை.

11. மருத்துவர்களை அதிக எண்ணிக்கையில் உருவாக்கினால் பற்றாக்குறை தீர்ந்துவிடாதா?

ஓரளவுக்குத் தீரும். 2030இல் உலகில் சுமார் 1 கோடி மருத்துவப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் செவிலியர், பேறுகாலப் பணியாளர், ஆய்வகத் தொழில்நுட்பர் எல்லோரும் அடக்கம். ஒரு மருத்துவரை உருவாக்கப் பத்தாண்டு வாக்கில் ஆகும். அவரைப் பொதுப் பணத்தில் படிக்க வைத்த பின், ஊதியம் கூடுதலாக உள்ள நாட்டுக்கு அவர் போய்விட்டால், ஏழை நாடு பணக்கார நாட்டுக்குக் கல்விச் செலவை மானியமாகக் கொடுத்ததாக ஆகிறது. இதை முறைப்படுத்த 2010இல் உலக நாடுகள் ஒரு நடத்தை விதித் தொகுப்பை ஏற்றன. ஆனால் அது கட்டாயப்படுத்தக்கூடிய சட்டம் அன்று.

ஒரே நாட்டுக்குள்ளும் இதே ஓட்டம் உண்டு: கிராமத்திலிருந்து நகரத்துக்கு, பொதுச் சேவையிலிருந்து தனியாருக்கு. குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளி, இரவுப் பணியில் பாதுகாப்பு, உடன் பணியாற்ற இன்னொருவர் ஆகியவற்றைத் தராமல், "சேவை மனப்பான்மை இல்லை" என்று பணியாளரைக் குறை கூறுவது நியாயமன்று. மருத்துவர் செய்யும் சில பணிகளைப் பயிற்சி பெற்ற செவிலியரும் கிராமச் சுகாதார ஊழியரும் நன்றாகவே செய்ய முடியும் என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு. ஆனால் அந்த ஊழியருக்கு முறையான ஊதியம் தராமல் தொண்டராகவே வைத்திருப்பது, தொடக்கத்தில் சொன்னதுபோல், செலவை அவருடைய வீட்டுக்கு மாற்றுவதே.

12. ஊழலையும் வீணையும் ஒழித்துவிட்டால் கூடுதல் பணமே தேவைப்படாதே?

வீண் உண்டு, சிறிதும் அன்று. உலகின் சுகாதாரச் செலவில் 20 முதல் 40 சதவீதம் வரை வீணாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் மதிப்பிட்டது. தேவையற்ற விலையுயர்ந்த மருந்துகள், தரமற்ற மருந்துகள், தேவையில்லாத நாட்கள் மருத்துவமனையில் இருத்தல், மருத்துவப் பிழைகள், ஊழல் ஆகியவை அதன் பட்டியலில் இருந்தன. ஆனால் அந்தப் பணம் எங்கோ ஓர் அறையில் குவிந்து கிடப்பதில்லை. லட்சக்கணக்கான சிறு முடிவுகளில் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டுவதற்கே நல்ல கணக்கு முறையும் தணிக்கையும் பயிற்சியும் வேண்டும். அவற்றுக்கும் பணம் தேவை.

பற்றாக்குறையே வீணை உண்டாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து வராததால் அறுவை சிகிச்சை நிபுணர் நாள் முழுவதும் சும்மா இருந்தால், அவருடைய ஊதியம் வீண். ஒரு சிறு உதிரிபாகத்துக்கு ஒதுக்கீடு இல்லாததால் ஸ்கேன் கருவி ஓராண்டு நின்றால், கருவியின் விலையே வீண். செலவைக் கண்மூடித்தனமாக வெட்டினால் இத்தகைய வீண்தான் பெருகும்.

13. சிறு தொகை வசூலித்தால், தேவையில்லாமல் வருபவர்கள் குறைவார்கள் அல்லவா?

குறைவார்கள், தேவையோடு வருபவர்களும் கூடவே குறைவார்கள். அமெரிக்காவில் 1970களில் தொடங்கி 1982 வரை ராண்ட் நிறுவனம் நடத்திய பெரும் சோதனையில், குடும்பங்கள் வெவ்வேறு கட்டண விகிதங்களில் சேர்க்கப்பட்டன. கட்டணம் செலுத்தியவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் பயனுள்ள சிகிச்சையையும் பயனற்றதையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்துக்கொண்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை கிடைத்தபோதுதான் அது நன்கு கட்டுப்பட்டது. தன் நெஞ்சுவலி வாயுவா மாரடைப்பா என்று நோயாளியே முடிவு செய்ய முடிந்தால் மருத்துவர் எதற்கு?

கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை வழங்குவது பற்றி நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இலவசமாக இருந்ததை 60 சென்ட் ஆக்கியதும், வாங்கியவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் அதை மதிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சமும் பொய்த்தது. மேலும், சிறு கட்டணத்தை வசூலிக்கவும், கொடுக்க இயலாதவரைக் கண்டறிந்து விலக்களிக்கவும் ஆகும் நிர்வாகச் செலவைக் கழித்தால், பல இடங்களில் கையில் மிஞ்சுவது அற்பம்.

14. எல்லோருக்கும் ஒரு காப்பீட்டு அட்டையைக் கொடுத்து, தனியார் மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாமே?

அனுப்பலாம், சில சூழல்களில் அது பயன் தரும். ஆனால் அட்டை கொடுப்பது வேலையின் தொடக்கமே. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் கொடுத்தால், தேவையற்ற சிகிச்சைகள் பெருகும். மூன்றாம் விடையில் சொன்ன அறிவு ஏற்றத்தாழ்வு இங்கேதான் விலை கேட்கிறது. நோய் வகைக்கு ஒரு நிலையான தொகை என்று வைத்தால், நோயாளியை விரைவில் வீட்டுக்கு அனுப்பத் தூண்டும். 1983இல் அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம் அப்படி மாறியபோது, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை கொடுத்தால், கடும் நோயாளிகளைத் தவிர்க்கத் தூண்டும். குறையில்லாத கட்டண முறை என்று ஒன்றும் இல்லை. கண்காணிக்கும் திறமை அரசிடம் இருக்க வேண்டும். சொந்தமாக மருத்துவமனை நடத்தத் திறனில்லாத நிர்வாகம், பல நூறு மருத்துவமனைகளின் பில்களைத் திறமையாகச் சரிபார்க்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

தனியார் காப்பீட்டைப் பெரிதும் நம்பிய அமெரிக்கா, தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. அப்படியும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள். இன்னொன்று: மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் அட்டை, ரத்த அழுத்த மாத்திரைக்குப் பணம் தராது. மாத்திரை வாங்க முடியாதவர் பக்கவாதம் வந்து அட்டையோடு சேர்க்கப்படுவார்.

15. சரி, ஒரு நாடு சுகாதாரத்துக்கு எவ்வளவுதான் செலவிட வேண்டும்?

ஒரே எண்ணைச் சொல்ல இயலாது. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001இல் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தை ஒதுக்குவதாக உறுதியளித்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. தொகையைப் போலவே அதன் வழியும் முக்கியம். அமெரிக்காவைவிட மிகக் குறைவாகச் செலவிடும் கோஸ்டாரிகாவில் சராசரி ஆயுள் அமெரிக்காவைவிடக் குறைவாக இல்லை. குடும்பங்களின் அருகிலேயே இயங்கும் அடிப்படைச் சுகாதாரக் குழுக்களுக்கு அதில் பங்குண்டு. ஜப்பான் 1961இலேயே அனைவருக்கும் காப்பீட்டை எட்டியது. தாய்லாந்து 1997 நிதி நெருக்கடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த நிலையில், 2002இல் அனைவருக்கும் சிகிச்சை உறுதி செய்தது. ஊரகப் பகுதிகளில் மாவட்ட மருத்துவமனைகளையும் பணியாளர்களையும் அது பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருந்ததால்தான் அந்த அறிவிப்பு காகிதத்தோடு நிற்கவில்லை.

16. கொள்ளைநோய் எப்போதோ வருகிறது. வராத ஆண்டுகளில் ஆயத்தத்துக்கு எதற்குப் பணம்?

தீயணைப்பு நிலையத்தைத் தீப்பிடித்த பிறகு கட்ட முடியாது என்பதால். 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் பரவிய எபோலாவால் 11,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவப் பணியாளர்களே 500க்கு மேற்பட்டோர். முன்பே மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த நாடுகள் அவை. எபோலாவுக்கு அஞ்சி மருத்துவமனைகள் வெறிச்சோடியதால், மலேரியாவுக்கும் பிரசவத்துக்கும் சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களும் பலர். ஆயத்தம் என்பது கிடங்கில் முகக்கவசம் அடுக்குவதோடு முடிவதில்லை; அன்றாடம் ஓடும் ஆய்வகமும் கணக்கெடுப்பும் நெருக்கடியில் விரிந்துகொடுக்கும் என்பதே அதன் உயிர்நாடி.

மெதுவாக வரும் கொள்ளைநோயும் உண்டு. ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019இல் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலகளாவிய ஆய்வின் மதிப்பீடு. புதிய ஆன்டிபயாட்டிக்கை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்துக் குறைவாகப் பயன்படுத்துவதே சரி. குறைவாக விற்கும் மருந்தைக் கண்டுபிடிக்க எந்த நிறுவனம் முதலிடும்? சந்தை தானாகத் தீர்க்காத சிக்கல் இது. பொதுப் பணமே இறங்க வேண்டும்.

17. ஒரே குழந்தைக்குப் பல கோடி செலவிடுவதா, அதே பணத்தில் ஆயிரம் குழந்தைகளைக் காப்பதா? யார் முடிவு செய்வது?

என்னிடம் கேட்கப்படுபவற்றில் மிகக் கடினமானது இது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவுக்கான மரபணு மருந்தின் ஒரே ஒரு தவணைக்கு அங்கே விலை 20 லட்சம் டாலருக்கு மேல். பிரிட்டனில் 1999இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு, ஒரு சிகிச்சை நோயாளிக்கு எத்தனை ஆண்டுகள் தரமான வாழ்வைக் கூட்டுகிறது என்று அளந்து, அத்தகைய ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற வரம்பை நீண்ட காலம் பின்பற்றியது; அரிய நோய்களுக்கு அதில் நெகிழ்வு வைத்தது. கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1990இல் கண்டது. செலவையும் பயனையும் வகுத்து அங்கே தயாரித்த முதல் பட்டியலில், பல்லுக்கு உறையிடுவது குடல்வால் அறுவை சிகிச்சையைவிட மேலே வந்துவிட்டது. பட்டியலைத் திருத்தி எழுதினார்கள்.

முடிவெடுக்காமல் இருந்தாலும் ஒதுக்கீடு நடந்துகொண்டேதான் இருக்கும்: செல்வாக்கு உள்ளவருக்கும், செய்தியில் முகம் வந்தவருக்கும், நகரத்தில் இருப்பவருக்கும் கிடைக்கும். ஆகவே விதி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அதை எழுதும் இடத்தில் மருத்துவர்களோடு நோயாளிகளின் குடும்பத்தினரும் இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. மறுக்கப்பட்ட குழந்தையின் தாய்க்கு, மறுத்தவர் யார், எந்தக் காரணத்தால், எந்த ஆதாரத்தை வைத்து என்பது அவர் மொழியில் எழுத்தாகத் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்குச் சில நாட்களுக்குள் விடை வர வேண்டும். அந்த நோயில் தசை இழக்கும் வலிமை திரும்புவதில்லை.